திருக்கடலூர் வீட்டில் ஒரு கேமிங் கணினி: சுவரிலிருந்து தொடங்கிய வேலை

திருகோணமலை நகரின் திருக்கடலூர்ப் பக்கத்தில், கடற்கரையிலிருந்து சில வீடுகள் மட்டுமே தள்ளியிருக்கும் ஒரு வீட்டில் புதிய கேமிங் கணினி ஒன்றைக் கட்டி நிறுவியதன் பதிவு இது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பையன் வலோரன்ட் விளையாடுவான். அவனுடைய அக்கா கல்யாண வீடியோ எடிட்டிங் பழகுகிறாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கணினி என்று தாய் தகப்பன் தீர்மானித்துக் காசு சேர்த்திருந்தார்கள். தகப்பன் படகு எஞ்சின் திருத்துபவர், கருவிகளின் பெறுமதி தெரிந்தவர்.

இந்த வீட்டுக் கதையை விரிவாக எழுதக் காரணம் உண்டு. ஏற்கெனவே இருந்த பழைய கணினியில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பவர் சப்ளை செத்துப்போயிருந்தன. "இவ்வளவு காசைக் கொட்டி வாங்கி, இதுவும் எரிஞ்சா என்ன தம்பி செய்யிறது?" என்று தாய் முதல் நாளே கேட்டார். சரியான கேள்வி. புதுக் கணினி கட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் பட்டியலின் முதல் வரியில் கிராபிக்ஸ் கார்டை எழுதுகிறார்கள். எங்கள் கரையோர வீடுகளில் அந்த முதல் வரி சுவரிலுள்ள பிளக் பொயின்ட்டுக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து. இந்த வீட்டில் நடந்தவை அதை நன்றாகவே காட்டுகின்றன.

பழைய கணினியைத் திறந்தபோது

புதிய பாகங்களுக்கு ஓடர் கொடுக்க முன், செத்த கணினியைத் திறந்து பார்த்தேன். ஸ்க்ரூக்களில் துரு. ராமின் தங்க முலாம் பூசிய பற்கள் மங்கிக் கிடந்தன. பானில் ஒட்டியிருந்த தூசு ஊதினால் பறக்கவில்லை, விரலில் பசை மாதிரி ஒட்டியது. கடற்காற்றில் வரும் உப்புதான் காரணம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் கரையில் அந்த அளவு ஒன்றும் அபூர்வமில்லை. உப்புத் தூசு படிந்த மதர்போர்ட்டின் மேல் மெல்லிய, மின் கடத்தும் ஈரப் படலம் ஒன்று உருவாகிறது. கணினி ஓடிச் சூடாக இருக்கும்போது அது காய்ந்துவிடும். பல நாள் ஓடாமல் கிடக்கும்போதுதான் அரிப்பு வேலை செய்கிறது.

அடுத்தது பவர் சப்ளை. அதன் லேபிளில் 'ஏசி இன்புட் 200–240 வோல்ட்' என்றிருந்தது. இந்த ஒரு வரியை வாங்கும்போது கிட்டத்தட்ட யாரும் பார்ப்பதில்லை. நல்ல பவர் சப்ளைகளில் 100–240 என்றிருக்கும். முழு வீச்சு என்பது அதைத்தான். மலிவானவற்றில் கீழ் எல்லை 200 வோல்ட்டிலேயே நின்றுவிடும்.

இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 6 சதவீதம் ஏறி இறங்கலாம் என்பது விதி, அதாவது 216 முதல் 244 வரை. இந்த வீடு மின்கம்ப வரிசையின் கடைசி வீடுகளில் ஒன்று. பகலில் மல்டிமீட்டர் 224, 226 காட்டியது. அப்புறம் இரவுச் சாப்பாட்டு நேரம் வரை இருந்து அளந்தோம். அக்கம்பக்கத்து மோட்டர்கள், பிரிட்ஜ்கள், ஏசிகள் எல்லாம் ஓடத் தொடங்கியதும் 200க்குக் கீழே போய், 188 வரை இறங்கியது. பையன் விளையாட உட்காருவதும் அதே நேரம்.

வோல்டேஜ் குறைந்தால் பவர் சப்ளை கூடிய ஓட்டத்தை இழுத்து அதே வாட்ஸைக் கொடுக்கப் பார்க்கும். 300 வாட்ஸுக்கு 230 வோல்ட்டில் சுமார் 1.3 அம்பியர் போதும், 188 வோல்ட்டில் 1.6 தேவை. எல்லைக்குக் கீழே தினமும் இப்படி இழுபட்டதும், மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது வந்த அதிர்ச்சியும் சேர்ந்து அதை முடித்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். உள்ளே பெரிய மின்தேக்கி ஊதியிருந்தது.

எர்த் இல்லாத எர்த்

பையன் சொன்ன இன்னொரு விடயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. "அண்ணா, வெறுங்காலோட நிண்டு கேசிங்கைத் தொட்டால் சுள்ளெண்டும். ஹெட்போனுக்குள்ளயும் ஒரு இரைச்சல்."

இதற்கு ஒரு தெளிவான விளக்கம் இருக்கிறது. கணினிப் பவர் சப்ளையின் வாசலில், மின்னிரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய மின்தேக்கிகள் உண்டு. ஒன்று லைவுக்கும் கேசிங்குக்கும் நடுவே, மற்றது நியூட்ரலுக்கும் கேசிங்குக்கும் நடுவே. எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றினூடாகக் கசியும் மிகச் சிறிய ஓட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேசிங் 230இன் பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டிருக்கும். ஓட்டம் மிகச் சிறியது என்பதால் சுள்ளென்பதோடு நின்றுவிடும். ஆனால் அதே நிலையில் எச்.டி.எம்.ஐ வயரையோ யூ.எஸ்.பி வயரையோ செருகினால், இரு பக்கமும் உள்ள வோல்டேஜ் வித்தியாசம் அந்த மெல்லிய கம்பிகள் வழியாகப் பாயும். போர்ட்டுகள் காரணம் தெரியாமல் செத்துப்போகும் வீடுகளில் இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

கணினியைச் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் வயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு கம்பிதான். மூன்று துளை இருந்தும் எர்த் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இது எங்கும் விற்கப்படும் சாமான். சரி, அதைத் தூக்கி எறிந்துவிட்டு நேரே சுவரில் செருகினால் போதும் என்றுதான் வீட்டார் நினைத்தார்கள். சுவரில் இருந்தது 13 அம்பியர் சதுர முனைப் பொயின்ட், பார்வைக்கு நல்ல வயரிங். "ட்ரிப் சுவிட்ச் பட்டனை அமத்தினா விழுகுது தானே, அப்ப எர்த் இருக்குது" என்றார் தகப்பன்.

பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள், அது பிழையான நம்பிக்கை. ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டன் எர்த்தைத் தொடுவதே இல்லை. உள்ளே ஒரு தடை வழியாக லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஒரு சமநிலைக் குழப்பத்தை உண்டாக்கி, கசிவு வந்தால் சுவிட்ச் விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் அழகாக வேலை செய்யும். வித்தியாசம் பழுது வரும்போதுதான் தெரியும். எர்த் இருந்தால் கசிவு வந்த உடனே சுவிட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால் ஒரு ஆள் தொடும்வரை அது காத்திருக்கும்.

எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டோம். பிளக் பொயின்ட்டிலிருந்து மெயின் போர்ட் வரை எர்த் கம்பி சரியாகவே போயிருந்தது. அங்கிருந்து கேற்றடியில் மண்ணில் அடித்திருந்த எர்த் கம்பியைத் தோண்டினால், இணைக்கும் கிளாம்ப் முழுக்க அரித்து விட்டுப்போயிருந்தது. வீட்டிலுள்ள எல்லா எர்த்தும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன, மண்ணோடு மட்டும் சேரவில்லை. இது வெறுமனே எர்த் இல்லாததை விட மோசம். பிரிட்ஜில் லைவ் கசிந்தால் அது கணினிக் கேசிங்கிலும் வந்து நிற்கும்.

புதுக் கம்பியைக் கிணற்றுத் தண்ணீர் வழியும் பக்கமாக, ஆழமாக அடித்தார். மேல் மணல் காய்ந்தால் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஆனால் கரையோரத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், அதுவும் உப்புக் கலந்த தண்ணீர். எர்த் கம்பி அந்த ஈரத்தைத் தொட்டால் இதைவிட நல்ல மண் வேறு இல்லை. பித்தளைக் கிளாம்ப் போட்டு, கிறீஸ் பூசி, மூடியுள்ள சிறு குழிக்குள் வைத்தார். பிறகு திறந்து பார்க்கலாம். எர்த் டெஸ்டரால் அளந்து திருப்திப்பட்ட பிறகுதான் போனார். லைவ்–எர்த் வோல்டேஜும் லைவ்–நியூட்ரல் வோல்டேஜும் இப்போது கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. சுள்ளென்ற உணர்வும் ஹெட்போன் இரைச்சலும் அன்றே போய்விட்டன, பழைய மானிட்டரை வைத்தே அதை உறுதிப்படுத்தினோம். இந்த வேலைகளை வீட்டார் தாங்களே செய்யக்கூடாது. மெயின் போர்ட்டைத் திறக்கும் வேலை தகுதியுள்ள எலக்ட்ரீசியனுடையது.

பாகங்கள்

எர்த் வேலைக்கும் யூ.பி.எஸ்ஸுக்கும் (கரண்ட் போனால் பட்டரியில் கணினியைத் தாங்கும் பெட்டி) காசு ஒதுக்கியதால் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்க வேண்டியிருந்தது. பையன் ஆர்.டி.எக்ஸ் 4060 டி.ஐ கேட்டிருந்தான். நான் 4060ஐச் சொன்னேன். 1080பி மானிட்டரில் வலோரன்ட் விளையாட இது தாராளமாகப் போதும். டி.ஐ 160 வாட்ஸ் இழுக்கும், 4060 வெறும் 115 வாட்ஸ். வெப்பமும் வோல்டேஜும் பிரச்சினையாக இருக்கும் வீட்டில் அந்த 45 வாட்ஸ் வித்தியாசம் நல்ல இலாபம். அவன் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் செத்த பவர் சப்ளைகளைத் தன் கண்ணால் பார்த்தவன் என்பதால் ஒத்துக்கொண்டான்.

புரொசசர் ரைசன் 5 7600. 6 கோர், 12 த்ரெட், 65 வாட்ஸ். எடிட்டிங்குக்கும் போதும். மதர்போர்ட் பி650. ராம் டி.டி.ஆர்5, 16 ஜி.பி இரண்டு, 6000 வேகம். 1 டி.பி என்.வி.எம்.இ (மதர்போர்ட்டில் நேரே பூட்டும் டிஸ்க்). 650 வாட்ஸ் கோல்ட் பவர் சப்ளை, லேபிளில் 100–240 என்று படித்துப் பார்த்த பிறகே வாங்கியது. கேசிங்கில் முன்பக்கம் வலை, உள்ளே கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டி.

சாமான்கள் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலிருந்து வந்தன. பழுதென்றால் 250 கிலோமீற்றருக்கு மேல் திருப்பி அனுப்ப வேண்டும். பல பற்றுச்சீட்டுகளின் பின்னால் எரிந்தது, மின்னல் அடித்தது, துருப்பிடித்தது எதற்கும் உத்தரவாதமில்லை என்று எழுதியிருக்கும். கரையில் இருப்பவனுக்கு வரும் பழுதுகள் அநேகமாக அந்த மூன்றும்தான். அதனால் உத்தரவாதத்தை நம்பிக் கணினி கட்டுவது எங்களுக்குச் சரிவராது.

பூட்டியதும், கறுத்த திரையும்

பூட்டும் வேலையைப் பையனும் அக்காவும்தான் செய்தார்கள், நான் பக்கத்தில் இருந்தேன். புரொசசர் உட்காரும் ஏ.எம்.5 சொக்கெட்டில் 1718 ஊசிகள் மதர்போர்ட்டில் இருக்கின்றன, புரொசசரில் இல்லை. ஆகவே கவனம் முழுக்க மதர்போர்ட்டில் வேண்டும். முக்கோணக் குறியைப் பொருத்தி மெதுவாக வைத்தால் தானாக உட்காரும், அழுத்தக்கூடாது. ராம் இரண்டும் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில். என்.வி.எம்.இ மேலுள்ள உலோக மூடியின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரிக்க வேண்டும். உடம்பின் நிலைமின்னை இறக்க, பவர் சப்ளையைச் சுவரில் செருகி சுவிட்சை அணைத்துவிட்டு அடிக்கடி கேசிங்கைத் தொடுங்கள் என்று சொல்வார்கள். அந்த அறிவுரையும் எர்த் உண்மையாக இருக்கும் வீட்டில்தான் செல்லும்.

முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் பான்கள் சுழன்றன, திரை கறுப்பாகவே நின்றது. மதர்போர்ட்டில் டிராம் என்று எழுதிய சிறு விளக்கு எரிந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றுமில்லை. தாய் பூசை அறைப் பக்கம் போய்விட்டார். "அண்ணா, நிப்பாட்டவா?" என்றான் பையன். நிற்பாட்டக்கூடாது. டி.டி.ஆர்5 ராம் முதல் தடவை மதர்போர்ட்டோடு சேரும்போது, ஒவ்வொரு கம்பியிலும் சமிக்ஞை எந்த நேரத்தில், எந்த வலுவில் போக வேண்டும் என்று தேடிப் பிடிக்கிறது. மெமரி ட்ரெயினிங் என்று இதைச் சொல்வார்கள். ஏ.எம்.5 இல் சில நிமிடங்கள் எடுக்கும். பொறுமையில்லாமல் அணைத்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கும். இப்படி அணைத்து அணைத்துப் போட்டு, மதர்போர்ட் பழுது என்று நல்ல சாமானைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் மதர்போர்ட்டின் பெயர் திரையில் வந்தது, வீடே கைதட்டியது.

பயோஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும், மதர்போர்ட்டின் சொந்த மென்பொருள்) ராம் 4800 இல் நின்றது. அதுதான் பொதுவான ஆரம்ப வேகம். எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பைப் போட்டால்தான் வாங்கிய 6000 கிடைக்கும். போட்ட பிறகு மறுபடி ஒரு கறுத்த திரை, மறுபடி காத்திருப்பு. இந்த முறை யாரும் பயப்படவில்லை. பயோஸ் புதுப்பிப்பதை மட்டும் யூ.பி.எஸ் விடயம் தீரும்வரை தள்ளி வைத்தோம். புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்ட் எழும்பாமலே போகலாம்.

விண்டோஸ் 11 போடுவது சுருக்கமான வேலை. நிறுவும்போது மதர்போர்ட்டின் நெற்வேர்க் டிரைவர் இல்லாததால் இன்டர்நெட் இல்லை என்று நிற்கும். போனை யூ.எஸ்.பி வயரால் இணைத்து டெதரிங் போட்டால் கடந்துவிடலாம். வலோரன்ட் விண்டோஸ் 11 இல் ஓட டி.பி.எம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அம்சங்களும் கட்டாயம் தேவை, இரண்டையும் பயோஸில் முதலே பார்த்துக்கொள்ள வேண்டும். மானிட்டர் 144 ஹேர்ட்ஸ் என்றாலும் விண்டோஸ் 60 இல் வைத்திருக்கும், கையால் மாற்ற வேண்டும். மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கிறதா என்றும் ஒருமுறை பின்னால் பாருங்கள். 7600க்குள் சிறு கிராபிக்ஸ் இருப்பதால் மதர்போர்ட்டில் செருகினாலும் படம் வரும், விளையாட்டு மட்டும் தவழும்.

யூ.பி.எஸ் பரிசோதனை

வீட்டில் ஏற்கெனவே 650 வி.ஏ யூ.பி.எஸ் ஒன்று இருந்தது. லேபிளில் 360 வாட்ஸ். புதுக் கணினி விளையாடும்போது மானிட்டரோடு சேர்த்துச் சுவரிலிருந்து இழுத்தது 240 வாட்ஸ் அளவு. கணக்கில் தாராளம். ஆனால் யூ.பி.எஸ்ஸைக் கணக்கில் நம்பக்கூடாது, சோதித்துத்தான் நம்ப வேண்டும். அதுவும் டிஸ்க்கில் முக்கியமான எதுவும் சேர முன்பே. பிளக்கைப் பிடுங்காமல் சுவர் சுவிட்சை அணைப்பதுதான் முறை, அப்போது எர்த் இணைந்தே இருக்கும்.

டெஸ்க்டொப்பில் சும்மா இருக்கும்போது சுவிட்சை அணைத்தோம், கணினி தாங்கியது. விளையாட்டு ஓடும்போது அணைத்தோம், அந்த நொடியே செத்தது. விளையாட்டில் பிரேம் எண்ணிக்கையை 60க்குக் கட்டுப்படுத்தி, வாட்ஸைக் குறைத்துப் பார்த்தோம், தாங்கியது. ஆக பட்டரி நன்றாக இருக்கிறது, சுமை கூடிய நேரத்தில்தான் கைமாற்றம் தவறுகிறது.

மலிவான யூ.பி.எஸ் பட்டரிக்கு மாறும்போது தருவது உண்மையான சைன் அலை இல்லை, படிபடியாக வெட்டிய அலை. நல்ல பவர் சப்ளைகளிலுள்ள ஆக்டிவ் பி.எஃப்.சி என்ற சுற்று சைன் அலையை எதிர்பார்த்து, அதன் வடிவத்தைப் பின்தொடர்ந்து மின்சாரத்தை இழுக்கிறது. வெட்டிய அலையில் சில பவர் சப்ளைகள் ஒரு நொடிக்குள் பெரிய ஓட்டத்தை இழுக்கும், யூ.பி.எஸ் அதை அதிக சுமை என்று எண்ணிக் கைவிடும். எல்லா ஜோடியிலும் இப்படி நடப்பதில்லை. எதில் நடக்கும் என்று லேபிளைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. மாற்றியது, 1000 வி.ஏ சைன் அலை யூ.பி.எஸ். அதே சோதனையில் கணினி அசையவில்லை, விளையாட்டும் நிற்கவில்லை. இரவில் வோல்டேஜ் இறங்கும்போது உள்ளேயிருந்து ஒரு டிக் சத்தம் வரும், வோல்டேஜை உயர்த்தி விடுகிறது என்று அர்த்தம். பைபர் ரவுட்டரையும் அதிலேயே செருகினோம். கரண்ட் போனாலும் நெற் நிற்காது, பையன் ஆட்டத்தை முடித்துவிட்டு அணைக்கலாம். நடுவில் விட்டுப் போனால் வலோரன்ட் தண்டனை கொடுக்கும். அதற்குப் பிறகு பயோஸும் புதுப்பித்தாயிற்று.

வெக்கையும் உப்பும்

கச்சான் காற்று வீசும் பின்னேரங்களில் அந்த அறை 34 பாகை வரை போகும். அறை ஒரு பாகை ஏறினால் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். புரொசசரோடு வந்த சிறிய கூலருக்குப் பதிலாக ஒரு டவர் கூலர் போட்டதால் விளையாடும்போது 70களில் நிற்கிறது. 7600இன் எல்லை 95. வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது எழும் பான் சத்தம் அக்காவுக்குப் பிடிக்காததால் புரொசசரை ஈக்கோ மோட் என்ற மின் சிக்கன அமைப்பில் 45 வாட்ஸுக்கு இறக்கினோம். விளையாட்டில் வித்தியாசம் தெரியவில்லை, ஏற்றுமதி மட்டும் கொஞ்சம் மெதுவாகிறது.

மேசை முதலில் கடல் பக்கத்து ஜன்னலடியில் இருந்தது, உள் சுவருக்கு மாற்றினோம். நிலத்தில் வைக்கவில்லை. பின்பக்கத்து வெற்று இடைவெளிகளை மூடியிருக்கிறோம், பல்லியும் எறும்பும் அதற்குள்ளாகத்தான் போகும். முன் வடிகட்டியைக் கழுவி நன்றாகக் காயவிட்டுப் பூட்டுவது பையனின் வேலை. வாடைக்காலத்தில் விளையாடாத நாளிலும் கொஞ்ச நேரம் கணினியைப் போட்டு விடச் சொல்லியிருக்கிறேன், அந்தச் சூடுதான் ஈரத்துக்கு மருந்து. அணைத்தவுடன் துணியால் மூடக்கூடாது, ஆறிய பிறகு மூடலாம். இடி மின்னல் நேரத்தில் யூ.பி.எஸ்ஸையும் நம்ப வேண்டாம், பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பைபர் வயரின் கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது, ஆனால் ரவுட்டரின் அடப்டரும் சுவரில்தான் இருக்கிறது.

இனிக் கவனிக்க வேண்டியவை இரண்டு. எர்த் குழியை மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு வருடமும் திறந்து கிளாம்ப்பைப் பார்க்க வேண்டும், அதைத் தகப்பன் ஏற்றுக்கொண்டார். மற்றது யூ.பி.எஸ் பட்டரி. ஈய அமிலப் பட்டரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறைய பாதியாகும். எங்கள் வெக்கையில் பெட்டியில் எழுதியிருக்கும் ஆயுளை எதிர்பார்க்க முடியாது. பூட்டிய திகதியை அக்கா யூ.பி.எஸ்ஸின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறாள், விளையாட்டு ஓடும்போது சுவிட்சை அணைத்துப் பார்க்கும் அதே சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளே செய்வதாகப் பேச்சு.